கணினிக் கணக்கும் அங்கத்தினர் கடமையும்

கூட்டுறவுச் சங்கம் நாணயத்தால் நிற்பது. அந்த நாணயத்திற்குச் சான்றாக விளங்குவது பேரேடு. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்து, அதே ஆண்டில் திரூரில் விவசாயிகளுக்கான சங்கம் தோன்றிய நாள் தொட்டு, நம் கணக்குகள் கையால் எழுதப்பட்டுக் கண்ணால் சரிபார்க்கப்பட்டு வந்தன. அந்தப் பேரேடு இப்போது இடம் மாறிக்கொண்டிருக்கிறது. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் ஐந்தாண்டுக் காலத்தில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. பின்னர் சங்கங்களின் எண்ணிக்கை மேலும் உயர்த்தப்பட்டது. இன்று கடன் சங்கங்களுக்கு வந்துள்ள இம்முறை நாளை நெசவாளர் சங்கங்களுக்கும் வரக்கூடும். ஆகவே இருசாராரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

சங்க அலுவலகத்தில் கணினி இருப்பது புதிதன்று. கடிதம் அடிக்கவும் பட்டியல் தயாரிக்கவும் அது முன்னரே பயன்பட்டு வந்தது. இப்போது வருவது வேறு வகையானது. பெருநிறுவனங்கள் தம் தொழில் முழுவதையும் ஒரே கணக்கு முறையில் பிணைத்து நடத்துவதற்கென வகுத்த மென்பொருளின் வழிவந்தது இது. ஓர் அங்கத்தினர் தம் பயிர்க்கடனில் இரண்டு மூட்டை உரம் வாங்குகிறார் எனக் கொள்வோம். கைக்கணக்கில் குமாஸ்தா இதனை நாள்வழியிலும், கிடங்கு இருப்பேட்டிலும், கடன் பேரேட்டிலும், பொதுப் பேரேட்டிலும் தனித்தனியே எழுதுவார். புதிய முறையில் ஒரு முறை பதிந்தால் போதும். நான்கு இடங்களிலும் கணக்கு தானே ஏறிவிடும். மாவட்டத்து மத்தியக் கூட்டுறவு வங்கியும் அதனைப் பார்க்க இயலும். இதன் வசதி பெரிது. ஆபத்தும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரு பிழை புகுந்தால் அதுவும் நான்கு இடங்களிலும் ஒருங்கே ஏறி, ஒன்றுக்கொன்று ஒத்து நிற்கும். ஏடுகள் ஒத்திருப்பதனாலேயே கணக்கு சரி என்று கருதும் நம் பழைய வழக்கம் இனி உதவாது.

கணினியே வேண்டாம் என்று சொல்லும் அன்பர்கள் சிலர் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. 2021ஆம் ஆண்டில் ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்யத் தமிழக அரசாங்கம் முனைந்தபோது, மாநிலமெங்குமுள்ள சங்கங்களின் கடன் விவரங்கள் ஒன்றுசேர்த்து ஒப்பிடப்பட்டன. ஒரே குடும்பத்தார் பல சங்கங்களில் பல கடன்கள் பெற்றிருந்த செய்தி அப்போது வெளிப்பட்டது. ஒரு சங்கத்தின் பேரேட்டை மட்டும் புரட்டிக்கொண்டிருக்கும் ஆய்வாளர் எவரும் அதனைக் கண்டிருக்க முடியாது. கணினி வரட்டும், வரவேண்டும். ஆனால் எவ்வாறு வருகிறது, எந்தக் கணக்கைச் சுமந்து வருகிறது, அது சொல்வது தவறென்றால் யார் கேட்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் வரக்கூடாது. அந்த விடைகளைக் காணும் பொறுப்பு இலாகாவுக்கும் மென்பொருள் கம்பெனிக்கும் மட்டும் உரியதன்று. அங்கத்தினர்களுக்கும் உரியது என்பதே நான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது. உலகின் பெரிய நிறுவனங்கள் பட்ட பாட்டிலிருந்து இதற்குப் பாடங்கள் கிடைக்கின்றன.

தேர்ந்தெடுத்தல்

ஜெர்மனி நாட்டில் லிடில் என்பது பல்லாயிரம் கடைகளைக் கொண்ட பெரிய மளிகை வியாபார நிறுவனம். அது 2011ஆம் ஆண்டில் தன் பழைய முறையைக் கைவிட்டு, அந்நாட்டின் புகழ்பெற்ற எஸ்.ஏ.பி. மென்பொருளைப் புகுத்தத் தொடங்கியது. ஏழாண்டு உழைத்தபின், 2018இல் அம்முயற்சியை நிறுத்திவிட்டது. அதற்குள் செலவானது சுமார் 50 கோடி யூரோ எனப் பத்திரிகைகள் எழுதின. காரணங்களுள் ஒன்று நம் குமாஸ்தாக்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்த மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும் வழக்கத்தை ஒட்டி அமைந்தது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்ற மறுத்து, மென்பொருளைத் தனக்கேற்ப வெட்டி ஒட்டச் சொன்னது. வெட்டி ஒட்டும் வேலை முடிவின்றி வளர்ந்தது.

மென்பொருளை வாங்குவது உரமூட்டை வாங்குவது போன்றதன்று. ஒவ்வொரு மென்பொருளின் உள்ளேயும் தொழிலை இப்படித்தான் நடத்தவேண்டும் என்னும் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. நம் வழக்கம் அதற்கு மாறாயின், ஒன்று நாம் மாறவேண்டும், அன்றேல் அது மாறவேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் தேர்வின் உயிர்.

கடன் சங்கங்களுக்கான மென்பொருள் தேசிய அளவில் பொதுவாக வகுக்கப்பட்டது. ஒரு சங்கம் தனக்கென ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலை இல்லை. எனினும் மாநில மொழியில் அமைதலும், மாநிலத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுதலும் அத்திட்டத்திலேயே இடம் பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோரிடம் வட்டி வாங்குவதில்லை. தவணைத் தேதி ஒரு நாள் பிழையாகப் பதிவானாலும் வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாகிவிடும். வெள்ளத்தாலும் வறட்சியாலும் பயிர் அழிந்த காலத்தில் குறுகியகாலக் கடன் மத்தியகாலக் கடனாக மாற்றப்படுவதுண்டு. இத்தகைய வழக்கங்களை மென்பொருள் அறிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சங்கமும் சோதித்துப் பார்த்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நெசவாளர் சங்கத்தின் நிலை இன்னும் நுட்பமானது. நூலை எடையிட்டுக் கொடுக்கிறோம். துணியாகத் திரும்பி வருகிறது. இடையில் சேதாரம் உண்டு. பாவுக்குக் கஞ்சி போட்டால் எடை கூடும். பருத்தி நூல் ஈரத்தை உண்ணுமாதலால் மழைக்காலத்து எடையும் கோடைக்காலத்து எடையும் ஒன்றாயிரா. கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்த மென்பொருள், நேர்மையான நெசவாளர் ஒவ்வொருவர் பெயரிலும் நூல் பாக்கி என்று எழுதி வைக்கும். தறியில் அமர்பவரைக் கேளாமல் செய்யப்படும் தேர்வு இந்த இடத்தில்தான் தடுக்கி விழும்.

புகுத்துதல்

அமெரிக்காவில் மிட்டாய் செய்யும் ஹெர்ஷி நிறுவனத்தின் கதை இரண்டாவது பாடம். 11 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் மூன்று கம்பெனிகளின் மென்பொருள்களை ஒருசேரப் புகுத்த அது முடிவு செய்தது. நான்காண்டு வேலையை முப்பது மாதங்களில் முடிக்க முயன்றது. 1999ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்க வேண்டிய முறை தாமதப்பட்டு ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. நமக்குத் தீபாவளி எப்படியோ, அந்நாட்டு மிட்டாய் வியாபாரத்திற்கு அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் திருநாள் அப்படி. அதற்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் வேளையில் பழைய முறை நிறுத்தப்பட்டுப் புதிய முறை ஏறியது. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர், அனுப்ப இயலவில்லை. 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நிறைவேறாமற் போயின. அந்தக் காலாண்டின் இலாபம் முந்திய ஆண்டினும் 19 சதவிகிதம் குறைந்தது. பருவ காலத்து நெருக்கடியில் ஊழியர்கள் கிடைத்த இடத்திலெல்லாம் சரக்கை அடுக்கி வைப்பது அங்கு வழக்கம். அந்த இடங்கள் கணினியில் பதியப்படவில்லை. பதியாத சரக்கு கணினிக்கு இல்லாத சரக்கே.

இதனின்று நாம் கொள்ளவேண்டுவன இரண்டு. முதலாவது, பருவம் அறிந்து தொடங்குதல். காவிரிப் பாசனப் பகுதியில் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுவது மரபு. குறுவைக் கடனுக்கு அங்கத்தினர்கள் வரிசையில் நிற்கும் வாரத்தில் பழைய பேரேட்டை மூடிப் புதிய முறையைத் திறப்பது அறிவுடைமையாகாது. மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கை முடித்தபின் ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கும் இடைவெளியே அங்கு உகந்தது. நெசவாளர் சங்கங்களும் தீபாவளி விற்பனைக் காலத்தையும், பொங்கல் வேட்டி சேலை உற்பத்தி நடக்கும் மாதங்களையும் விலக்கியே நாள் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, ஏட்டில் இல்லாமல் நடைமுறையில் மட்டும் இருப்பவற்றை முதலில் ஏட்டில் ஏற்றுதல். காரியதரிசியின் நினைவில் மட்டும் இருக்கும் கணக்குகள் பல சங்கங்களில் உண்டு. தந்தை பெயரில் உள்ள கடனை மகன் கட்டி வருவது, இறந்தவர் பெயரில் பங்குத்தொகை நிற்பது, ஒரே பெயருடைய இருவரைத் தெருப்பெயரால் பிரித்தறிவது ஆகியவற்றை நாள்தோறும் நம் ஏடுகளில் காண்கிறோம். காரியதரிசி இருக்கும்வரை இவை தொல்லை தருவதில்லை. கணினிக்குத் தெருப்பெயரின் நினைவு கிடையாது. ஒருவரின் கடன் மற்றவரின் தலையில் ஏறிவிட்டால் அதனை இறக்குவது எளிதன்று.

தொடக்க இருப்பு

என் அலுவல் முறையில் பல பேரேடுகளைப் புரட்டியவன் என்ற வகையில் ஒன்றைத் துணிந்து கூறுவேன். இம்மாற்றத்தில் மிக முக்கியமான நாள் கணினி வந்திறங்கும் நாளும் அன்று. திறப்புவிழா நாளும் அன்று. ஒவ்வோர் அங்கத்தினரின் பங்குத்தொகை, சேமிப்பு, கடன் நிலுவை ஆகியவை பழைய ஏட்டிலிருந்து தொடக்க இருப்பாக எடுத்து ஏற்றப்படும் நாளே அது. அன்று ஏறிய தொகைதான் இனி என்றென்றும் உண்மை எனக் கருதப்படும். அதன்மேல் கணினி கணக்கிடும் வட்டி பைசா பிசகாது; ஆனால் தவறான அசலுக்குச் சரியான வட்டி கணக்கிடுவதால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே தொடக்க இருப்பை ஏற்றுமுன் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் இருப்புச் சீட்டு வழங்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. பேரேட்டின்படி அவர் பெயரில் உள்ளவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர் தம் பாஸ் புத்தகத்தோடும் ரசீதுகளோடும் ஒத்துப்பார்த்து, சரி என்றோ தவறு என்றோ எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதப்படிக்க அறியாதவர்க்குச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டுப் பெறலாம். பிறர் கேட்க மகாசபையில் வாசிக்க வேண்டுவதில்லை. கடன் அவரவர் சொந்த விஷயம்.

இதற்குக் காலம் ஏது, ஆள் ஏது என்று கேட்பார்கள். காரியதரிசியும் ஒரே குமாஸ்தாவும் மட்டுமே உள்ள சங்கங்களை நான் அறிவேன். கேள்வி நியாயமானதே. கணக்கிட்டுப் பார்ப்போம். 1,500 அங்கத்தினர்கள் உள்ள சங்கத்தில் நாளொன்றுக்கு 25 சீட்டு வீதம் கொடுத்தால் 60 வேலை நாட்களில் வேலை முடிந்துவிடும். அங்கத்தினர்கள் உரம் வாங்கவும் தவணை கட்டவும் தாமே சங்கத்திற்கு வருகிறவர்கள். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவதும் பயிற்சி அளிப்பதும் மேற்சொன்ன திட்டத்தின் செலவினங்களிலேயே அடங்கியுள்ளன. இரண்டு மாதம் தாமதமாகிறது என்பதற்காக இதனைத் தள்ளினால், இருபது ஆண்டுக்காலம் வழக்காட வேண்டி வரலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். கணினியில் போடுவதற்கும் அந்த விதி பொருந்தும்.

நிர்வகித்தல்

மூன்றாவது பாடம் இங்கிலாந்து நாட்டுத் தபால் நிலையங்களினுடையது, மிகவும் வருந்தத்தக்கது. அந்நாட்டுக் கிராமங்களில் சிறு கடை வைத்திருப்பவர்களே ஒப்பந்த முறையில் துணைத் தபால் நிலையத்தையும் நடத்துவர். 1999ஆம் ஆண்டு முதல் அந்நிலையங்களில் ஹொரைசன் என்னும் கணினி முறை புகுத்தப்பட்டது. மாலையில் கணக்கு முடிக்கும்போது, இருக்கவேண்டிய ரொக்கம் இவ்வளவு என்று கணினி காட்டும்; பெட்டியில் அதற்குக் குறைவாக இருக்கும். பற்றாக்குறைக்கு நிலையத்தை நடத்துபவரே பொறுப்பு என்பது ஒப்பந்தம். பலர் தம் சேமிப்பிலிருந்தும் உறவினரிடம் கடன் வாங்கியும் கட்டினர். கட்ட இயலாதவர்கள் மீதும், வேறு வழியின்றிக் கணக்கைச் சரி என்று ஒப்பமிட்டவர்கள் மீதும் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் தொடரப்பட்டன. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். சிறை சென்றவர்களும் குடும்பம் சிதைந்தவர்களும் அவர்களுள் உண்டு.

உதவி கேட்டவர்களில் பலருக்கு, வேறெங்கும் இத்தகைய குறை இல்லை, உங்கள் நிலையத்தில் மட்டுமே என்று பதில் கூறப்பட்டது. ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்த பின்னரே உண்மை வெளிவந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்றும், அப்பிழைகளால் நிலையங்களின் கணக்கில் பற்றாக்குறை தோன்றக்கூடும் என்றும் 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருளை வழங்கிய ஃபியூஜிட்சு கம்பெனியின் ஊழியர்கள் தொலைவிலிருந்தே நிலையங்களின் கணக்கில் கை வைக்க இயலும் என்பதும் நிலைநாட்டப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பின் கிடைத்த நீதி அது.

இதனைக் கேட்கும் ஒவ்வொரு சங்க ஊழியரும் தம் நிலையை எண்ணிப்பார்ப்பார் என்பதில் ஐயமில்லை. ரொக்கம் குறைந்தால் காரியதரிசியைக் கேட்கிறோம். சரக்கு குறைந்தால் விற்பனையாளரைக் கேட்கிறோம். கேட்பது முறையே. ஆனால் கைப்பேரேட்டில் யார் எழுதினார், எப்போது அடித்துத் திருத்தினார் என்பதைக் கையெழுத்தும் மையும் காட்டிக்கொடுக்கும். கணினியில் அவ்வாறு தாமாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எந்நாள், எந்நேரம் செய்தார் என்ற குறிப்பு அழியாமல் பதிவாகவேண்டும். அக்குறிப்பைத் தணிக்கையாளரும் நிர்வாகக் குழுவும் கேட்டவுடன் பார்க்கும் உரிமை வேண்டும். வெளியிலிருந்து கணக்கைத் தொடக்கூடியவர் யார் யார் என்பதும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர்களும் தம் பங்குக்குக் கவனமாயிருத்தல் அவசியம். ஒருவர் கடவுச்சொல்லை மற்றவர் பயன்படுத்துவது, இரும்புப் பெட்டிச் சாவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, ஒவ்வொரு சங்கத்தின் பொது மகாசபையும் பின்வரும் ஏற்பாடுகளைத் தீர்மானமாக நிறைவேற்றி இலாகாவுக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, அங்கத்தினரின் கையொப்பம் பெற்ற இருப்புச் சீட்டின்படியே தொடக்க இருப்பு ஏற வேண்டும். முன்னரே ஏற்றி முடித்த சங்கங்களிலும் இப்போது சீட்டு வழங்கிச் சரிபார்க்கலாம், காலம் கடந்துவிடவில்லை. இரண்டாவது, மூன்று மாதங்களுக்குக் கைப்பேரேடும் கணினியும் ஒருசேர நடைபெற வேண்டும். மாத முடிவில் இரண்டின் ஐந்தொகையும் ஒத்துவந்த பின்னரே கைப்பேரேட்டை மூடலாம். இது குமாஸ்தாவுக்கு இரட்டை வேலை என்பது உண்மை. அந்த மூன்று மாதத்திற்கு ஒரு தற்காலிக உதவியாளரை அமர்த்தும் செலவை நிர்வாகக் குழு ஏற்பது தகும். மூன்றாவது, வேறுபாட்டுப் பதிவேடு ஒன்று திறக்கப்பட வேண்டும். கணினிக் கணக்கு தவறு என்று அங்கத்தினரோ ஊழியரோ சொன்னால் அதில் எழுதி, எண் கொடுத்து, குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் விடை அளிக்க வேண்டும். அந்த விடை வரும்வரை அத்தொகையை எவரிடமிருந்தும் வசூலிக்கலாகாது. பக்கத்துச் சங்கங்களின் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே வகைக் குறை பல இடங்களில் தோன்றுகிறதா என்பது உடனே புலப்படும். நான்காவது, பழைய பேரேடுகளை எடைக்குப் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். பிணக்கு வந்தால் சாட்சி சொல்லக்கூடியவை அவையே.

இவற்றால் மேலதிகாரிகளின் வேலை கூடும். என் போன்றோரின் வேலையும் கூடும். அது பற்றிக் கவலையில்லை. தனியார் நிறுவனத்தில் கணக்கு முறையை மாற்றினால் முதலாளி தீர்மானிக்கிறார், நட்டம் வந்தால் அவரே ஏற்கிறார். கூட்டுறவில் முதலாளி அங்கத்தினரே. நட்டமும் அவருடையதே; ஆகவே தீர்மானத்திலும் அவர் குரல் ஒலிக்க வேண்டும். நிபுணர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் என்று அவர் ஒதுங்கி நிற்பாராயின், தம் கணக்கைத் தாமே கேட்டறியும் உரிமையைக் கைவிட்டவர் ஆவார்.

அடுத்த முறை சங்கத்திற்குச் செல்லும்போது உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். கணினியில் என் பெயரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அச்சிட்டுத் தரச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிட்டால் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.